மொட்டை மாடி சோலார் வெந்நீர்: குழாய்க்குள் நடக்கும் ஓட்டமும் சூட்டுக் காயத்தைத் தவிர்க்கும் வழிகளும்

பெங்களூருவில் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஈஜிபுரா என்று எந்தப் பகுதியின் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும், தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்த கருநீலக் கண்ணாடிக் குழாய்களும் அவற்றின் தலைமாட்டில் படுத்திருக்கும் உருளைத் தொட்டியும் கண்ணில் படும். மின்கட்டணத்தைக் குறைக்கும் இந்தச் சோலார் ஹீட்டரைப் பற்றி வாங்கும்போது நிறையப் பேசுகிறோம். அது தரும் தண்ணீரின் சூட்டைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. குளியலறை கீசரில் தெர்மோஸ்டாட் உண்டு, குறித்த சூடு வந்ததும் மின்சாரம் நின்றுவிடும். வெயிலுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. தொட்டியிலிருந்து யாரும் தண்ணீர் எடுக்காவிட்டால் மறுநாள் வெயில் முந்தைய நாள் சூட்டின் மேலேயே ஏறும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பி, இரவுப் பேருந்துக் களைப்போடு நேராகக் குளிக்கப் போகிறவர்களுக்குக் குழாயில் வருவது 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய தண்ணீராக இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தண்ணீர் கொதிநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும்.

இந்த வழிகாட்டி சொல்லவருவது ஒன்றுதான்: குழாயைத் திறக்காதபோதும் உள்ளே இருக்கும் வெந்நீர் சும்மா இருப்பதில்லை. அது எங்கே, ஏன் நகர்கிறது என்று தெரிந்தால், எந்த இடத்தில் கை சுடும், எந்த நேரத்தில் ஆபத்து, எதை மாற்றிப் பொருத்தச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் தாமாகவே தெளிவாகிவிடும்.

மூடிய குழாயில் தண்ணீர் எப்படித் தானாக ஓடுகிறது

சூடேறும்போது தண்ணீர் விரிகிறது. விரிவதால் அடர்த்தி குறைகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் நிறை 998 கிலோ. 60 டிகிரியில் 983 கிலோ. 80 டிகிரியில் 972 கிலோ. பார்வைக்கு இந்த வேறுபாடு சிறியது. ஆனால் கனமான குளிர்நீர் கீழே இறங்கி இலேசான வெந்நீரை மேலே தள்ளுவதற்கு இவ்வளவே போதும். பம்பு எதுவும் இல்லாமல் நடக்கும் இந்த ஓட்டத்தையே இயற்கை வெப்பச்சலனம் என்கிறோம்.

நம் மாடியில் இருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாயில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இடையில் காற்று நீக்கிய வெற்றிடம். உள்குழாயின் வெளிப்பரப்பில் வெயிலை உறிஞ்சும் கரும்பூச்சு. அடிமுனை மூடியிருக்கும், மேல்முனை மட்டும் தொட்டிக்குள் திறந்திருக்கும். போவதற்கும் வருவதற்கும் ஒரே வழிதான் என்பதால், வெயில் படும் மேல்பக்கச் சுவரை ஒட்டி வெந்நீர் ஏறும்போதே கீழ்ப்பக்கச் சுவரை ஒட்டிக் குளிர்நீர் இறங்குகிறது. ஒரே குழாய்க்குள் எதிரெதிராக இரண்டு நீரோட்டங்கள். தொட்டிக்குள் போன வெந்நீர் மேலடுக்கில் தங்க, குளிர்ந்தது அடியில் கிடக்கிறது. குளியலறைக்குப் போகும் குழாய் தொட்டியின் மேல்பகுதியிலிருந்து புறப்படுவதால், நமக்கு வருவது எப்போதும் தொட்டியில் இருப்பதிலேயே மிகச் சூடான தண்ணீர்தான். தொட்டியின் சராசரிச் சூட்டை வைத்துக் கணக்குப் போடுவது இங்கேதான் பிழைக்கிறது.

இதே இரட்டை ஓட்டம், நாம் எதிர்பார்க்காத குழாய்களிலும் நடக்கும் என்பதுதான் கவனத்துக்குரியது. தொட்டியிலிருந்து மேல்நோக்கிப் போகும் எந்தக் குழாயும், அதன் மறுமுனை அடைபட்டிருந்தாலும் சரி, அதில் தண்ணீர் ஓடாவிட்டாலும் சரி, உள்ளே வெந்நீர் ஏறுவதும் சுவரில் சூட்டை இழந்து இறங்குவதுமாக ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கும். குழாயின் விட்டம் இந்த ஓட்டத்தின் வலிமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இயற்கை வெப்பச்சலனத்தின் அளவுகோலான ரேலி எண், நீளத்தின் முப்படியைப் பொறுத்தது; இங்கே அந்த நீளம் குழாயின் விட்டம். ஆகவே விட்டம் இரு மடங்கானால் அது எட்டு மடங்காகிறது. சூடும் இதற்குத் துணைபோகிறது: 60 டிகிரியில் தண்ணீர் விரியும் வீதம் 20 டிகிரியில் இருப்பதைவிட இரண்டரை மடங்கு, பாகுநிலையோ, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையோ, பாதிக்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து, அதே அளவு சூட்டு வேறுபாடு வெந்நீரில் ஐந்து மடங்கு வலிமையாக வேலை செய்கிறது. அரை அங்குலக் குழாயில் மந்தமாக நடப்பது ஒரு அங்குலக் குழாயில் விறுவிறுப்பாக நடப்பதற்கும், யாரும் பயன்படுத்தாத குழாயைத் தொட்டுச் சுட்டுக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

மாடியில் பார்க்க வேண்டியவை

காலை 8 மணிக்கு முன், வெயில் ஏறாத நேரத்தில் மாடிக்குப் போங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் சொல்லி அவரையும் அழைத்துக்கொள்வது நல்லது. சரிசெய்ய வேண்டியவை பெரும்பாலும் அவர் செலவில் வருபவை, நேரில் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது.

முதலில் காற்றுக் குழாயைப் பாருங்கள். ஏர் வென்ட் என்று பிளம்பர்கள் சொல்லும் இந்தக் குழாய், தொட்டியின் உச்சியிலிருந்து செங்குத்தாக எழுந்து, ஓவர்ஹெட் டேங்கின் நீர்மட்டத்துக்கும் மேலே போய்த் திறந்தபடி முடிய வேண்டும். இதன் அவசியத்தை ஒரு கணக்கு காட்டிவிடும். 20 டிகிரியில் நிரம்பிய 200 லிட்டர் தொட்டி 80 டிகிரிக்கு ஏறும்போது அந்தத் தண்ணீர் சுமார் 2.7 சதவீதம் விரிகிறது. அதாவது 5 லிட்டருக்கும் மேல் கூடுதல் தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். அது காற்றுக் குழாயில் ஏறலாம், அல்லது வந்த வழியே குளிர்நீர்க் குழாயில் பின்னோக்கிப் போகலாம். குளிர்நீர் வழியில் ஒருவழி வால்வ் பொருத்தியிருக்க, காற்றுக் குழாயையும் சொட்டுகிறதென்று யாராவது மூடிவிட்டால், இரண்டு வழியும் அடைபட்ட தொட்டி அழுத்தம் ஏறி வெடிக்கவோ பிளக்கவோ கூடும். சொட்டும் காற்றுக் குழாயை மூடுவது சோலார் ஹீட்டரில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம் என்பது என் உறுதியான கருத்து. சொட்டினால் அதன் உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். வெந்நீர் இலேசானது என்பதால் காற்றுக் குழாயில் அதன் மட்டம் ஓவர்ஹெட் டேங்கின் மட்டத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயர்ந்தே நிற்கும். ஆகவே ஒரு அடியாவது மிகையாக உயரம் இருக்க வேண்டும். குழாயின் முனையை வளைத்துக் கீழ்நோக்கியும், துணி காயப்போடவும் வடாம் இடவும் ஆட்கள் நடமாடும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகவும் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். நண்பகலில் அதிலிருந்து நீராவியும் கொதிநீரும் தெறிப்பதுண்டு.

மேலே சொன்ன இரட்டை ஓட்டத்தால் இந்தக் காற்றுக் குழாயே பகல் முழுவதும் சூடாக இருக்கும். இரும்புக் குழாயின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தாண்டினால் ஒரு நொடித் தொடுகையே தோலைச் சுடப் போதுமானது. பிளாஸ்டிக் அதே சூட்டில் கைக்குச் சூட்டை மெதுவாகவே கடத்துவதால் சற்று அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். எனவே குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரம் வரையிலாவது காற்றுக் குழாய்க்கும், வெளியே தெரியும் வெந்நீர்க் குழாய் முழுவதற்கும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை போட வேண்டும். பெங்களூரு வெயிலில் வெறும் ரப்பர் உறை சில ஆண்டுகளில் வெடித்து உதிர்ந்துவிடும். அதன் மேல் அலுமினியத் தகடோ அலுமினிய நாடாவோ சுற்றினால் நிலைக்கும். சிட்டி மார்க்கெட்டை ஒட்டிய எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்ட்வேர் கடைகளில் குழாய் அளவைச் சொன்னால் பொருத்தமான உறையை எடுத்துத் தருவார்கள். வெந்நீரும் மிச்சமாகும்: காற்றில் திறந்து கிடக்கும் ஒரு அங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), உள்ளே 70 டிகிரி தண்ணீர் இருக்கும்போது, ஒவ்வொரு மீட்டருக்கும் 40 முதல் 60 வாட் வரை சூட்டை இழக்கும். பத்து மீட்டர் குழாய் என்றால் அது அரை கிலோவாட்.

அடுத்து, தொட்டியிலிருந்து வெந்நீர் வெளியேறும் குழாய் எந்தத் திசையில் புறப்படுகிறது என்று பாருங்கள். அது உடனே கீழ்நோக்கி இறங்கினால் நல்லது. இலேசான வெந்நீர் தானாகக் கீழே இறங்காது என்பதால் சூடு தொட்டியிலேயே தங்கும். ஏதோ காரணத்தால் மேல்நோக்கிப் போக வேண்டியிருந்தால், ஏறுவதற்கு முன் ஒரு சாண் ஆழமாவது கீழே இறங்கித் திரும்பும் வளைவு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். குளிர்நீர் உள்ளே வரும் குழாய்க்கும் இதே விதிதான். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து நேராக இறங்கித் தொட்டிக்குள் நுழையும் குழாயில், தொட்டி முழுவதும் சூடேறிய நாட்களில், வெந்நீர் பின்னோக்கி ஏறிவிடும். அது தொட்டிக்குக் கீழே இறங்கி வளைந்து நுழைந்தால் ஏறாது. அந்தக் கடைசி ஒரு மீட்டரில் சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாய் இருக்கவே கூடாது. 60 டிகிரிக்கு மேல் அது இளகித் தொய்ந்து, இணைப்பு விட்டுப்போய், கீழே நிற்பவர் மேல் வெந்நீரைக் கொட்டிவிடும். வெந்நீருக்கென்றே உள்ள சி.பி.வி.சி. குழாயையோ ஜி.ஐ. குழாயையோ பயன்படுத்த வேண்டும்.

கண்ணாடிக் குழாய்களின் அடிமுனையில் வெள்ளி நிறப் பூச்சு ஒன்று தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்தக் குழாயில் வெற்றிடம் போய்விட்டது. அதனால் சூட்டுக் காயம் நேராது, அந்த ஒரு குழாயைப் பகலில் தொடாமல் விட்டு மாற்றினால் போதும்.

ஓவர்ஹெட் டேங்க் வற்றிப்போகும் நாட்களில்

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏற்பட்ட கடும் தண்ணீர்ப் பற்றாக்குறையை இந்நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்களில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து ஓவர்ஹெட் டேங்க் காலியாகக் கிடக்கும். மாடியில் வெயில் மட்டும் ஓயாது. குளிர்நீர் வரத்து நின்றதும் சோலார் தொட்டியில் மிஞ்சியிருப்பது கொதித்து ஆவியாகத் தொடங்கும். முற்றிலும் வற்றிய வெற்றிடக் குழாயின் உட்பகுதி 200 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நிலையில் நண்பகலில் லாரித் தண்ணீர் வந்து டேங்க் நிரம்பினால், குளிர்நீர் சுடுகண்ணாடியில் பட்டுக் குழாய்கள் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் ஒரே மூச்சில் எழும் நீராவி வெந்நீர்க் குழாய் வழியாகக் குளியலறை வரை சீறி வரும்.

எனவே டேங்க் வற்றப்போகிறது என்று தெரிந்தவுடனே சோலார் தொட்டிக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிவிட்டு, கண்ணாடிக் குழாய்களின் மேல் ஒரு தார்ப்பாயையோ கெட்டியான போர்வையையோ போர்த்திக் கட்டிவிடுங்கள். தண்ணீர் வந்தாலும் பகலில் அந்த வால்வைத் திறக்க வேண்டாம். மறுநாள் விடியலில், கண்ணாடி முழுவதும் ஆறிய பிறகு, மெதுவாகத் திறந்து நிரப்புங்கள். நிரப்பும்போது குளியலறை வெந்நீர்க் குழாய்களைச் சற்றே திறந்து வைத்து, சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும் வரை யாரும் அருகில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றும் நீருமாக விட்டுவிட்டுத் தெறிக்கும் குழாய்க்குக் கீழே கையை நீட்டுவதால் ஏற்படும் காயங்கள் அநேகம். வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போகும்போதும் இதே தார்ப்பாய் வேலையைச் செய்துவிட்டுப் போனால், திரும்பி வரும் நாளில் தொட்டி அடங்கிய சூட்டில் இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் கடுமையாகி வெந்நீர்த் தேவை குறைவதால், அப்போது பாதிக் குழாய்களை மூடி வைப்பதும் பலன் தரும்.

குளியலறைக்குள்

சூட்டுக் காயத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். இன்றைய பாதுகாப்பு விதிகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்த ஆய்வுகளே. வளர்ந்தவரின் தோல் 49 டிகிரித் தண்ணீரைப் பல நிமிடங்கள் தாங்கும். 60 டிகிரியில் ஐந்து நொடிகளில் ஆழமான காயம் ஏற்பட்டுவிடும். 70 டிகிரியில் ஒரு நொடியே அதிகம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தோல் மெல்லியதாக இருப்பதால் இந்த நேரங்கள் இன்னும் குறையும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி மங்கியவர்கள் சூட்டை உணர்வதற்கு முன்பே வெந்துபோவார்கள்.

இங்கே நம் வீட்டு அமைப்பு ஒரு மறைவான ஆபத்தை வைத்திருக்கிறது. மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறை வரை 20 மீட்டர் குழாய் என்றால், 20 மி.மீ. உள்விட்டத்தில் அதற்குள் 6 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். இரவில் அது ஆறிப்போகும். காலையில் திறந்தால் முதலில் வருவது அந்த ஆறிய தண்ணீர். கையை வைத்துப் பார்ப்பவர் ‘இன்னும் வெந்நீர் வரவில்லை’ என்று நினைத்துக் குழாயை முழுவதும் திறந்துவிட்டு அங்கேயே நிற்பார். அது தீர்ந்த மறுகணம் தொட்டியின் மேலடுக்குத் தண்ணீர் 70 டிகிரியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்து விழும். வெந்நீர் வருவதற்காக ஷவருக்குக் கீழே காத்து நிற்கும் பழக்கத்தை இதற்காகவே அடியோடு விட வேண்டும். ஆறிய தண்ணீரைத் தனி வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். சூடு நிலைபெற்ற பிறகே குளிக்கும் வாளியைக் கீழே வையுங்கள்.

விளாவும்போது முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர் என்ற வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. அளவையும் கணக்கிட்டுவிடலாம். டிசம்பர் காலையில் டேங்க் தண்ணீர் 20 டிகிரி, சோலார் தண்ணீர் 70 டிகிரி, நமக்கு வேண்டியது 40 டிகிரி என்றால், வாளியில் ஐந்தில் மூன்று பங்கு குளிர்நீரும் இரண்டு பங்கு வெந்நீரும் வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு 12 லிட்டர் குளிர்நீர், 8 லிட்டர் வெந்நீர். அந்த 12 லிட்டர் மட்டத்தில் வாளியின் உட்புறம் ஒரு கோடு போட்டு வைத்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தையும் பெரியப்பாவும்கூடத் தடுமாறாமல் விளாவிக்கொள்வார்கள். வெந்நீர் கனம் குறைந்தது என்பதால் கலக்காமல் விட்டால் மேலாக மிதந்து நிற்கும். வாளியின் அடிவரை நன்கு கலக்கிய பிறகு, விரலால் பார்க்காமல் மணிக்கட்டின் உட்புறத்தாலோ முழங்கையாலோ பாருங்கள். கைக்குழந்தைக்கு 37, 38 டிகிரிக்கு மேல் வேண்டாம். அதற்குச் சிறிய டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கி வைப்பது வீண்செலவாகாது. நடைபழகும் குழந்தை உள்ள வீட்டில் வெந்நீர் வாளியை நிரப்பி வைத்துவிட்டுத் துண்டு எடுக்கக்கூட வெளியே போகக் கூடாது.

மிக்ஸர் ஷவர் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் குளிக்கும்போது வீட்டில் வேறொருவர் ஃபிளஷை இழுத்தாலோ வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்தாலோ குளிர்நீரின் அழுத்தம் சட்டென்று குறையும். வெந்நீர் மட்டும் அப்படியே வந்து மேலே விழும். இதற்குச் சரியான தீர்வு தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வ். குளிர்நீர் குறைந்தால் அது வெந்நீரையும் தானாகக் குறைத்து, நாம் வைத்த சூட்டைத் தாண்ட விடாது. முழு வீட்டுக்கும் ஒன்று வைக்க முடியாவிட்டாலும், குழந்தைகளும் முதியோரும் குளிக்கும் அறைக்காவது 42, 43 டிகிரிக்கு அமைத்துப் பொருத்துங்கள். டைல்ஸுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். பெங்களூருவின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் வால்வுக்குள் உப்புப் படியும். ஆண்டுக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, வெப்பமானியால் சரிபார்க்க வேண்டும்.

தொட்டியின் சூட்டையே 45 டிகிரிக்குக் குறைத்துவிட்டால் இத்தனை பாடும் தேவையில்லையே என்று தோன்றலாம். அந்த இளஞ்சூட்டில்தான் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகுகிறது; 60 டிகிரியில் அழிகிறது. மழைக்காலத்துக்கென்று தொட்டியில் வைத்திருக்கும் மின்சூடேற்றியின் தெர்மோஸ்டாட்டையும் 60இல் வைப்பதே முறை. தொட்டியில் சூடாகவே வைத்திருந்து குழாய்முனையில் தணித்துக்கொள்ளுங்கள்.

சுட்டுவிட்டால்

நனைந்த உடையையும், வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றையும் உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியதை மட்டும் இழுக்க வேண்டாம். ஓடும் குளிர்நீரை 20 நிமிடம் சுட்ட இடத்தில் விடுங்கள். பகலில் மாடிக் குழாயில் கிடந்த தண்ணீரே முதலில் சூடாக வரும், ஆகவே அது குளிரும் வரை ஓடவிட்டுப் பிறகு காட்டுங்கள். தண்ணீர் இல்லாத நாளுக்காக ஒரு வாளி குளிர்நீரைத் தனியே எடுத்து வைத்திருங்கள். சுட்டு மூன்று மணி நேரம் வரையிலும் இப்படிக் குளிர்விப்பது பயன் தரும். குழந்தையானால் மற்ற உடலைப் போர்த்திக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ், மஞ்சள், பற்பசை, மை, காப்பிப் பொடி, இட்லி மாவு, நெய் எதையும் தடவ வேண்டாம். இவை சூட்டை உள்ளே தேக்கும், அல்லது புண்ணில் கிருமி சேர்க்கும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைக் கணிப்பதையும் தடுக்கும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியாலோ உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளாலோ தளர்வாக மூடுங்கள்.

காயம்பட்டவரின் உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம், முகத்திலோ கை, கால், பிறப்புறுப்பு, மூட்டுகளிலோ ஏற்பட்ட காயம், வெளுத்துப்போய் வலி தெரியாத காயம், குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு ஏற்பட்ட எந்தக் காயமும் மருத்துவமனைக்கு உரியது. 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். சிட்டி மார்க்கெட் அருகிலுள்ள விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே மகாபோதி சிகிச்சை மையம் இருக்கிறது. போனதும், எத்தனை மணிக்குச் சுட்டது, எவ்வளவு நேரம் தண்ணீரில் காட்டினீர்கள், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போடப்பட்டது என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.